ஒன்பதாவது டேப்பின் கடைசி இரண்டு நிமிடம்

பர்மாவின் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் போய் அஸ்கர் என்று கேட்டால் எந்த அஸ்கர் என்பார்கள். டிசம்பர் அஸ்கர் என்று கேட்டால், ரயில் பாதையை ஒட்டிய சந்தில் மூன்றாவது கடை என்று சிறு பிள்ளைகூடக் கை காட்டும். கடை என்பது ஆறடி அகலம். ஒரு பலகை, இரண்டு டேப் டெக், சுவர் முழுக்கக் கேசட். பின்கதவைத் திறந்தால் வீடு. பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்தால் இரண்டு நாளில் டேப்பில் ஏற்றித் தருவார். தமிழ்ப் படப் பாட்டு, இந்திப் பாட்டு, கல்யாண வீட்டுக்கு வேண்டிய பாட்டு எல்லாம் அவரிடம் கிடைக்கும். ஆனால் மனிதருக்கு உயிர் இருந்தது ராக் இசையில்.

அந்த ராக் இசையிலும் அவருக்கென்று ஒரு கிறுக்கு இருந்தது. பெரிய சங்கதிகள் எல்லாம் டிசம்பர் கடைசி வாரத்தில்தான் நடக்கும் என்று அவர் நம்பினார். பன்சோடான் தெரு நடைபாதைக் கடைகளிலிருந்து பழைய ஆங்கிலப் பத்திரிகைகளை அள்ளி வந்து, ஒவ்வொன்றாகப் புரட்டி ஆதாரம் சேர்த்து வைத்திருந்தார். பீட்டில்ஸ் கூட்டைக் கலைக்கச் சொல்லி அவர்களில் ஒருவரே கோர்ட்டுக்குப் போனது டிசம்பர் முப்பத்தொன்று. கடலைப் பற்றியே பாடிய ஒரு குழுவின் டிரம்மர் கடலில் மூழ்கிச் செத்தது இருபத்தெட்டு. ஹென்ட்ரிக்ஸ் புதுக் குழுவோடு நியூயார்க்கில் மேடை ஏறியதும் வருஷத்தின் கடைசி நாள்தான். மற்ற ஐம்பத்தொரு வாரம் இவர்கள் எல்லாம் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று யாராவது கேட்டால் மட்டும் அஸ்கரிடம் பதில் இருக்காது.

அவருக்கு மிகவும் பிடித்த கதை 1984-ஆம் வருஷத்துக் கடைசி நாள். டெஃப் லெப்பர்ட் என்ற ஆங்கிலேயக் குழுவின் டிரம்மர் அன்று கார் விபத்தில் இடது கையை இழந்தார். அதோடு முடிந்தது என்று ஊரே நினைத்தபோது, அந்தக் கையின் வேலையை இடது காலுக்குப் பழக்கி, மறுபடி மேடையில் வந்து உட்கார்ந்தார். அஸ்கரும் வாலிபத்தில் டிரம் வாசித்தவர். அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அவருடைய இடது கால் தன்னால் ஆடும்.

ஆக, வருஷா வருஷம் டிசம்பர் டேப் என்று ஒன்று தயாராகும். ஒரு பாட்டு, பிறகு பர்மிய மொழியில் அஸ்கரின் குரல், இந்த நாளில் இன்னது நடந்தது என்று. பிறகு அடுத்த பாட்டு. தணிக்கைக்கு அனுப்பாத டேப் என்பதால் எட்டோ பத்தோ பிரதிதான் போடுவார். தெரிந்தவர்களுக்குத்தான் கொடுப்பார். அட்டையில் வரிசை எண்ணும் வாங்குபவர் பெயரும் அவர் கையெழுத்திலேயே இருக்கும்.

அஸ்கர் பயந்த மனிதர். அதை நான் மறைத்து எழுதினால் இந்தக் கதையே நிற்காது. தெருவில் ராணுவத்தின் பச்சை ஜீப் வந்தால் பாட்டை நிறுத்துவார். ஜீப் போன பிறகும் கால் மணி நேரம் போட மாட்டார். வீட்டில் ஒரு விருந்தாளி தங்கினால் வார்டு ஆபீஸில் பெயர் பதிய வேண்டும் என்பது சட்டம். மற்றவர்கள் சாயங்காலம் பதிவார்கள், இவர் விருந்தாளி பஸ் ஏறும் முன்பே போய் நிற்பார். அப்படிப்பட்டவர்தான் எட்டு வருஷமாக ஒரு பொய்யையும் காப்பாற்றி வந்தார்.

1988 ஆகஸ்டில் சர்க்காரை எதிர்த்து ஊரே தெருவில் இறங்கியபோது, சந்தைக்கு எதிரே ஒரு போராட்ட முகாம் போட்டிருந்தார்கள். அஸ்கரின் நண்பர்கள் அங்கே பாட்டுக் கச்சேரி நடத்தினார்கள், இவர் டிரம் வாசித்தார். கச்சேரியைப் பதிவு செய்ய ஒரு தொண்ணூறு நிமிட ஜப்பான் டேப்பைப் போட்டு ஓடவிட்டிருந்தார். பாட்டுக்கு நடுவே மேடை ஏறிப் பேசியவர்களும் அதில் பதிவானார்கள். அவர்களில் ஒருத்தி அவருடைய தங்கை ருக்சானா. அப்போது கல்லூரி மாணவி, இருபது வயது. செப்டம்பரில் ராணுவத்தின் துப்பாக்கி வந்து எல்லாம் அடங்கியதும், அவர்களுடைய உம்மா நூர் பீவி மகனைக் கூப்பிட்டு அந்த டேப்பைக் கொளுத்தச் சொன்னார். கொளுத்திவிட்டேன் என்றார் அஸ்கர். கொளுத்தவில்லை. தங்கையின் குரல் இருக்கிறதே என்ற பாசம் ஒரு பக்கம். இவ்வளவு நல்ல ஜப்பான் டேப்பை யாராவது நெருப்பில் போடுவார்களா என்ற கஞ்சத்தனம் இன்னொரு பக்கம். எது அதிகம் என்று அவரைக் கேட்டாலும் சொல்ல மாட்டார்.

எட்டு வருஷம் கழித்து, 1996 டிசம்பர் தொடக்கத்தில், மாணவர்கள் மறுபடி தெருவில் உட்கார்ந்தார்கள். யாரை எங்கே பிடித்தார்கள் என்ற பேச்சு கடை கடையாக வந்தது. அஸ்கருக்கு அலமாரியின் பின்னால் இருந்த டேப் முள்ளாகக் குத்த ஆரம்பித்தது. ருக்சானா இப்போது சர்க்கார் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை. அவள் பேசியது வெளியே வந்தால் வேலை போவது இருக்கட்டும், ஆளே போய்விடுவாள். சரி, இதன்மேலேயே இந்த வருஷத்து டிசம்பர் டேப்பைப் பதிவு செய்துவிட்டால் குரலும் அழியும், டேப்பும் வீணாகாது என்று கணக்குப் போட்டார். ஒரு பக்கத்துக்குச் சரியாக நாற்பத்தைந்து நிமிடம் என்று கடிகாரம் வைத்து நிரப்பினார். அதையே மூலமாக வைத்து ஒன்பது பிரதி எடுத்தார்.

பிரதி எடுத்த வெள்ளிக்கிழமை கரண்ட் காலை முழுக்க இல்லாமல், ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் வந்து தொலைத்தது. வழக்கமாக அவர் டெக்கின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, கடைசிப் பாட்டு முடிந்ததும் நிறுத்துவார். அன்று கரண்டையும் விட மனமில்லை, தொழுகையையும் விட மனமில்லை. டேப்பை ஓடவிட்டு, அடுத்தடுத்து மாற்றிப் போடும்படி மனைவி மைமூனிடம் சொல்லிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். திரும்பி வந்த பிறகும் அந்த வேலையை மைமூனிடமே விட்டார். மைமூனும் சொன்னபடியே ராத்திரி வரை ஒவ்வொன்றையும் டேப் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு எடுத்து வைத்தார்.

ஒரு வாரம் கழித்து, டிசம்பர் இருபத்தேழு மத்தியானம், சபாபதி கடைக்கு வந்தார். இன்சீன் ரயில் பட்டறையில் வேலை பார்ப்பவர், மூன்றாம் எண் டேப்பை வாங்கியவர். இன்சீன் என்றால் சபாபதிக்குப் பட்டறை. ஊரில் மற்றவர்களுக்கு அந்தப் பெயர் ஜெயில். கடையில் வேறு இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். சபாபதி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சாதாரணமாகத்தான் கேட்டார்.

"பாய், இந்த வருசம் டேப்பு பிரமாதம். கடைசியில ஒரு பொண்ணு பேசுதே, அது யாரு?"

அஸ்கர் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார். நின்றவர்களுக்குச் சீக்கிரமாக ஏதோ கொடுத்து அனுப்பினார். கதவைப் பாதி சாத்திவிட்டு, மூல டேப்பைக் கடைசிக்கு ஓட்டி, சத்தத்தைக் குறைத்து, காதை ஸ்பீக்கரில் வைத்தார். கடைசிப் பாட்டு முடிந்தது. ஒரு சொடுக்கு. பிறகு கூட்டத்தின் இரைச்சல். அதற்குள்ளிருந்து, தெளிவாக, இருபது வயதுக் குரல். என் பெயர் ருக்சானா. முத்து முகம்மதுவின் மகள். இன்ன தெரு, இன்ன வீடு. அதற்குமேல் கேட்க அவருக்குத் தைரியம் இல்லை. நிறுத்திவிட்டார்.

தொண்ணூறு நிமிட டேப் என்று மேலே போட்டிருந்தாலும், ஜப்பான்காரன் பக்கத்துக்கு இரண்டு நிமிடம் கூடவே வைத்துச் சுற்றியிருப்பான். டேப் தொழிலில் முதல் மாதமே கற்றுக்கொள்கிற பாடம் அது. இருபது வருஷம் அதிலேயே கிடந்தவர், பயத்தில் கடிகாரத்தைப் பார்த்தாரே தவிர டேப்பைப் பார்க்கவில்லை. அழிக்கத்தான் பதிவு செய்தார். கடைசியில் எட்டு வருஷம் அலமாரிக்குள் அடங்கிக் கிடந்த குரலை, அவரே ஒன்பது வீட்டுக்கு அனுப்பி வைத்திருந்தார். அதுவும் தன் கையெழுத்தோடு.

சபாபதியிடம் அது ஏதோ பழைய நாடகம் என்று சொல்லி, டேப்பில் கோளாறு இருக்கிறது, டெக்கில் டேப்பை வாசிக்கிற ஹெட்டைத் தின்றுவிடும் என்று பயமுறுத்தினார். ஊரைச் சுற்றும் சர்க்குலர் ரயிலில் அவரோடேயே இன்சீன் போய் அதை வாங்கி, வேறொன்று கொடுத்துவிட்டு வந்தார். திரும்பி வரும்போது ரயில் ஜன்னலில் யார் பார்த்தாலும் தன் பையைத்தான் பார்ப்பதாக அவருக்குத் தோன்றியது. இரண்டு நாட்களுக்கு முன்னால், கிறிஸ்துமஸ் அன்று, ஒரு புத்தப் பகோடா வளாகத்தில் குண்டு வெடித்து ஆட்கள் செத்திருந்தார்கள். ஸ்டேஷன்களில் பைகளைப் பிரித்துப் பார்த்தார்கள். அவருடைய பையை ஒரு போலீஸ்காரர் பிரித்து, கேசட்டை எடுத்து, திருப்பிப் பார்த்து, உள்ளே போட்டார். அந்த இடத்தில் அஸ்கருக்கு மயக்கம் வராதது அல்லாஹ்வின் கிருபை.

அடுத்த இரண்டு நாளும் அலைந்தார். க்யிம்யிண்டைங் படகுத்துறையில் மீன் கூடைகளுக்கு நடுவே ஒருவரைப் பிடித்து வாங்கினார். ஒரு கல்லூரிப் பெண், டேப் நன்றாகத்தானே இருக்கிறது, தர மாட்டேன் என்று அடம் பிடித்தாள். அவளுக்கு இரண்டு டேப் கொடுக்க வேண்டி வந்தது. எல்லோரிடமும் அதே பொய், ஹெட்டைத் தின்றுவிடும். கடைசி வரை கேட்டீர்களா என்று மட்டும் யாரிடமும் கேட்க முடியவில்லை. கேட்டால், அதில் என்ன இருக்கிறது என்று இனிமேல்தான் போட்டுக் கேட்பார்கள். எட்டு டேப் திரும்பி வந்தன. மூலத்தையும் சேர்த்து ஒன்பதையும் உருவி, கத்தரியால் வெட்டி, சமையல்கட்டு அடுப்பில் போட்டார். எரிந்த நாற்றம் ஒரு நாள் முழுக்க வீட்டை விட்டுப் போகவில்லை.

ஒன்பதாம் எண் எங்கே போனது என்று அவருக்கு ஞாபகமில்லை. அந்த அட்டையில் பெயர் எழுதிய நினைவே இல்லை. மைமூனைக் கேட்டார்.

"இருபத்தி நாலாம் தேதி நீங்க அஸர் தொழுகைக்குப் போயிருந்தீங்க. கோ சான் லின் வந்து இது எவ்வளவுன்னாரு. நான் காசு வேணாம்னு குடுத்துட்டேன்."

கோ சான் லின் வார்டு ஆபீஸ் கிளார்க். யார் வீட்டில் யார் தங்கினார்கள் என்று எழுதுபவர், ஒவ்வொரு வீட்டிலும் யார் யார் என்ற குடும்ப லிஸ்ட்டின் ஆபீஸ் பிரதியை வைத்திருப்பவர். ஒல்லியான ஆள், சத்தமாகப் பேச மாட்டார். பேசாத ஆளைக் கண்டுதானே ஊர் அதிகம் பயப்படும். அஸ்கர் அன்று மத்தியானமே வார்டு ஆபீஸ் வாசல் வரைக்கும் போனார். உள்ளே சான் லின் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். போய் டேப்பைக் கேட்கலாம். கேட்டால் ஏன் என்பார். ஹெட்டைத் தின்றுவிடும் என்ற கதை மற்றவர்களிடம் எடுபட்டது போல இவரிடம் எடுபடுமா? இதுவரை கடைசி வரைக்கும் கேட்காமல் இருந்தாலும் இன்று கேட்பார். அஸ்கர் வாசலில் செருப்பைக் கழற்றினார், மறுபடி போட்டார், திரும்பி வந்தார்.

மறுநாள், முப்பதாம் தேதி, சான் லின்னே வீட்டுக்கு வந்தார்.

குடும்ப லிஸ்ட்டைக் காட்டச் சொன்னார். தகரப் பெட்டியிலிருந்து அஸ்கர் எடுத்துக் கொடுத்ததை உம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தார். சான் லின் நின்றபடியே விரலை வைத்து ஒவ்வொரு பெயராக இறங்கினார். நூர் பீவி. அஸ்கர். மைமூன். ருக்சானாவின் பெயரில் விரல் நின்றது. இவர் வீட்டில்தான் இருக்கிறாரா என்று கேட்டார். இருக்கிறாள் என்றார் அஸ்கர். விரல் இன்னும் கொஞ்ச நேரம் அந்த இடத்திலேயே இருந்தது. பிறகு லிஸ்ட்டை மடித்துக் கொடுத்துவிட்டு, ஒன்றும் எழுதிக்கொள்ளாமல், அடுத்த வீட்டுக்குப் போனார்.

அந்த விரலை அஸ்கர் தன் வாழ்நாளில் மறக்கவில்லை. அடையாளம் வைத்துவிட்டார்கள், இனி வண்டி வருவதுதான் பாக்கி என்று அவருக்கு முடிவாகிவிட்டது. அன்று சாயங்காலம் தங்கையை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னார். கொளுத்தாமல் கொளுத்தினேன் என்று சொன்னதையும் சொன்னார். உம்மா மகனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ருக்சானா கோபப்படவில்லை. எல்லா வீட்டிலும்தான் லிஸ்ட் பார்த்தார்கள், என் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரீட்சை வருகிறது, நான் எங்கேயும் போகப் போவதில்லை என்றாள். மௌலமியைன் வழியாக எல்லை தாண்டி, தாய்லாந்துக்குள் போய், அங்கிருந்து பினாங்கில் இருக்கும் மாமா வீட்டுக்கு அனுப்ப ஆள் பார்த்துவிட்டேன் என்றார் அஸ்கர். அவள் அண்ணனைக் காக்கா என்று கூப்பிடுவாள்.

"நீ பயப்படுறதுக்கு நான் போகணுமா, காக்கா?"

உம்மாதான், போம்மா, உயிரோடு இருந்தால் எங்கே இருந்தாலும் போதும் என்றார். ஜனவரி இரண்டாம் தேதி, நோன்பு பிறக்க ஒன்பது நாள் இருக்கும்போது, ருக்சானா ஒரு பிளாஸ்டிக் பையோடு பஸ் ஏறினாள். அனுமதி இல்லாமல் எல்லை தாண்டியவர்கள் திரும்பி வர முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆள் வீட்டில் இல்லை என்பதை மறைத்தால் அது தனிக் குற்றம். ஒரு வாரம் கழித்து அஸ்கர் குடும்ப லிஸ்ட்டை எடுத்துக்கொண்டு வார்டு ஆபீஸ் போனார். தங்கை வெளியூர் போயிருக்கிறாள் என்று சொன்னார். எந்த ஊர் என்று சான் லின் கேட்கவில்லை. பேனாவை எடுத்து, ஆபீஸ் புத்தகத்தில் எழுதி, அஸ்கரின் லிஸ்ட்டிலும் எழுதி, முத்திரை குத்தி, மடித்து நீட்டினார். ஒருவர் பெயரைக் குடும்பத்திலிருந்து எடுத்தால் சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு போடுவார்கள், கோடு விழுந்தவர் திரும்பி வந்து அந்த வீட்டில் குடியிருக்க முடியாது. அந்தக் கோட்டைப் பார்க்க அஸ்கருக்கு மனம் வரவில்லை. பிரிக்காமலேயே கொண்டுவந்து தகரப் பெட்டியில் போட்டார். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியைத் திறக்கும் வேலை மைமூனுடையது. லிஸ்ட் தேவைப்பட்ட இடத்துக்கெல்லாம் மைமூன்தான் எடுத்துக்கொண்டு போனார். பாவம், அவருக்குப் பர்மிய எழுத்து வாசிக்க வராது.

ஜீப் வரவில்லை. ஒரு மாதம் வரவில்லை, ஒரு வருஷம் வரவில்லை. வேறு யாராக இருந்தாலும் நிம்மதியடைந்திருப்பார்கள். அஸ்கர், வராதது ஏன் என்று யோசித்து இன்னும் பயந்தார். சான் லின் டேப்பை வைத்துக்கொண்டு சமயம் பார்க்கிறார் என்று நினைத்தார். தெருவில் அவர் எதிரே வந்தால் இவர் மறு பக்கம் போனார். டிசம்பர் டேப் அதோடு நின்றுபோனது. கேட்டவர்களிடம் இப்போது யார் அதையெல்லாம் கேட்கிறார்கள் என்று சலித்துக்கொண்டார்.

ருக்சானா பினாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவினாள். பிறகு கோலாலம்பூரில் அகதிப் பிள்ளைகளுக்கு ஒரு மாடி அறையில் பாடம் சொல்லிக் கொடுத்தாள். கடை போனுக்கு வருஷத்தில் மூன்று முறை கூப்பிடுவாள். இரண்டு பெருநாளுக்கும், டிசம்பர் முப்பத்தொன்று சாயங்காலமும். அந்த மூன்றாவது அழைப்பு அண்ணனைக் கிண்டல் செய்யவே. "என்ன காக்கா, இன்னிக்கு யாருக்குக் கை போச்சு?" என்று ஆரம்பிப்பாள். இவரும் டிரம்மர் கதையை முதல் முறை சொல்வது போலச் சொல்வார். மற்றதை இருவரும் பேசுவதில்லை. 2003-இல் உம்மா மவுத்தானார். கடைசி நாட்களில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று, ருக்சானா வந்துவிட்டாளா என்று. வந்துகொண்டிருக்கிறாள் என்று அஸ்கர் அதற்கும் ஒரு பொய் சொன்னார்.

2010 டிசம்பர் முப்பத்தொன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து கடையைத் திறந்து அரை மணி ஆகியிருக்கும். கடையில் இப்போது கேசட் கிடையாது. கல்யாண வீடியோவை டிஸ்க்கில் ஏற்றித் தருவதுதான் தொழில். பழைய டேப்பைக் கொண்டுவருபவர்களுக்காக ஒரே ஒரு டெக்கை மட்டும் வைத்திருந்தார். வெயிலில் ஒரு கிழவர் குடையை மடக்கிக்கொண்டு ஏறி வந்தார். அன்றைய கோ சான் லின், வயதுக்கு மரியாதையாக இப்போது ஊ சான் லின். வேலையிலிருந்து ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகியிருந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்துப் பலகையில் வைத்து, இதை சிடியில் ஏற்றித் தர முடியுமா, என் வீட்டு டெக் கெட்டுப்போய்விட்டது என்றார்.

அட்டையில் அஸ்கரின் கையெழுத்து இருந்தது. டிசம்பர், 9. பெயர் எழுதும் இடம் காலி.

பதினாலு வருஷமாகக் காத்திருந்த பயம் வந்து பலகையில் உட்கார்ந்தபோது, அஸ்கருக்கு அதைத் தொடத்தான் முடியவில்லை. சான் லின் ஸ்டூலை இழுத்துப் போட்டு, கேட்டுக்கொண்டே ஏற்றுங்கள், எனக்கு அவசரமில்லை என்றார். அஸ்கர் பி பக்கத்தைப் போட்டார். தன் பழைய குரல் வந்தது, ஒற்றைக் கை டிரம்மரின் கதையைச் சொன்னது. சான் லின் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். ஒவ்வொரு பாட்டாக முடிந்தது. கடைசிப் பாட்டு முடிந்ததும் அஸ்கரின் விரல் தானாக நிறுத்தும் பொத்தானுக்குப் போனது. சான் லின் அந்தக் கையை மெல்லப் பிடித்து நகர்த்தி வைத்தார்.

சொடுக்கு. இரைச்சல். ருக்சானா தன் பெயரைச் சொன்னாள், வாப்பா பெயரைச் சொன்னாள், தெருவைச் சொன்னாள். அதன் பிறகு, அஸ்கர் டேப்பில் ஒருநாளும் கேட்காத, மறந்தே போயிருந்த மிச்சம் வந்தது. அரிசி வந்திருக்கிறது. எல்லோருக்கும் கிடைக்கும், வரிசையில் நில்லுங்கள். கைப்பிள்ளைக்காரிகள் முன்னால் வாருங்கள். பிள்ளைகளைத் தண்டவாளத்துப் பக்கம் விடாதீர்கள். நாளைக்கு வருகிறவர்கள் குடிக்கத் தண்ணீர் கொண்டுவாருங்கள். அவ்வளவுதான் பேச்சு. கடைசியாகக் குரலில் ஒரு சிரிப்பு. இப்போது எங்கள் அண்ணன் டிரம் வாசிப்பான், நன்றாக வாசிப்பான், கேட்டுவிட்டுப் போங்கள். நாலு அடி டிரம் விழுந்தது, டேப் நின்றது.

அஸ்கர் அழுதார். மறைக்கவில்லை. கொஞ்சம் ஓய்ந்ததும், எப்போது கேட்டீர்கள் என்றார். வாங்கின அன்றே என்றார் சான் லின்.

"அந்த வரிசையில என் சம்சாரம் நின்னா, கோ அஸ்கர். கைப்பிள்ளையோட. உங்க தங்கச்சிதான் அளந்து போட்டாங்க."

பிறகு ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று அஸ்கர் கேட்டார். பதினாலு வருஷமும் அந்தக் கேள்வியில் இருந்தது. சான் லின் குடைக் கம்பியைத் தடவிக்கொண்டிருந்தார். சொன்னால் நான் கேட்டேன் என்று ஆகும், கேட்டும் மேலிடத்தில் சொல்லவில்லை என்று ஆகும், நீங்கள் பிடிபட்டால் என் பெயரைச் சொல்வீர்கள் என்று நானும் பயந்தேன் என்றார். குண்டு வெடித்த பிறகு எல்லா வீட்டு லிஸ்ட்டையும் பார்க்கச் சொன்னார்கள். இங்கே வந்தபோது அந்தப் பெண் பத்திரமாக இருக்கிறாளா என்று தெரிந்துகொள்ளத்தான் விரல் நின்றது, வேறொன்றுமில்லை என்றார். பிறகு, அவள் இப்போது எங்கே என்று கேட்டார்.

"மலேசியாவுல. உங்களுக்குப் பயந்துதான் அனுப்பினோம்."

சான் லின் குடையைத் தரையில் ஊன்றினார். பிறகு, எழுந்துகொண்டே, ஏதோ சின்ன விஷயத்தைச் சொல்வது போலச் சொன்னார்.

"நான் பேரை எடுக்கலையே. நீங்க லிஸ்ட்டைப் பார்க்கலையா?"

அஸ்கர் கடையை அப்படியே போட்டுவிட்டுப் பின்கதவு வழியாக ஓடினார். மைமூன் என்னங்க, என்னங்க என்று பின்னால் வந்தார். தகரப் பெட்டியைத் திறந்து லிஸ்ட்டைப் பிரித்தார். மடிப்புகள் கிழிந்து, தாள் பழுப்பாகியிருந்தது. நூர் பீவியின் பெயர்மேல் சிவப்புக் கோடு. ருக்சானாவின் பெயர்மேல் எந்தக் கோடும் இல்லை. எதிரே, குறிப்பு எழுதும் கட்டத்தில், நீல மையில், பொடி எழுத்தில் ஒரு வரி: வேலை நிமித்தம் வெளியூர், திரும்பி வருவார். கீழே 1997 ஜனவரி ஒன்பது என்று தேதியும் ஆபீஸ் முத்திரையும். ஒற்றைக் கையோடு மேடை ஏறியவனின் கதையை வருஷம் தவறாமல் சொன்ன மனிதர், இரண்டு கையையும் வைத்துக்கொண்டு பதினாலு வருஷம் ஒரு தகரப் பெட்டியைத் திறக்கவில்லை. அவருக்கே அது தோன்றியிருக்க வேண்டும். தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் ஐந்தரைக்குக் கடை போன் அடித்தது. லிஸ்ட் கையிலேயே இருந்தது.

"என்ன காக்கா, இன்னிக்கு யாருக்குக் கை போச்சு?"

"ருக்சானா," என்றார் அஸ்கர். "லிஸ்ட்டுல உன் பேரு இருக்கு. கோடு அடிக்கல."

அந்த வரியை வாசித்துக் காட்டினார். எழுதியது யார், எந்தத் தேதி என்று சொன்னார். அந்தப் பக்கம் பிள்ளைகள் பாடம் ஒப்பிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவள் கேட்டாள்.

"உம்மா பேரு?"

"அடிச்சிருக்கு," என்றார்.

லைன் ஓடிக்கொண்டே இருந்தது, அஸ்கர் போனை வைக்கவில்லை.